மொட்டைமாடி மழை

1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்தை அடுத்த கருப்பூரில் இருக்கிறது. இப்படியொரு வளாகம் சுற்றுச்சூழலைக் காக்கிறதா என்று கேட்டால், நட்ட மரக்கன்றுகளைத்தான் பலரும் எண்ணுவார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் கணக்கு. சேலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடியில் அது 9 லட்சம் லிட்டர். வீணாவது போக 7 லட்சம் தேறினாலும், தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வீதம் 100 விடுதி மாணவர்களுக்கு 50 நாள் தாங்கும். அத்தனையையும் சாக்கடையில் விட மனம் எப்படி வரும்?

பாறை பூமியில் தண்ணீர் எங்கே இறங்கும் என்பார்கள். நியாயமான கேள்வி. கெட்டிப் பாறைக்கு மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் இங்கே நிலத்தடி நீர் தங்குகிறது. அவை நிரம்பினால் மிச்சம் ஓடிவிடும். அதனால்தான் தொட்டியிலும் சேர்க்க வேண்டும், பழைய கிணற்றுக்குள்ளும் வடிகட்டி விட வேண்டும். செலவு அதிகம் என்பவர்கள் கோடையில் லாரித் தண்ணீருக்குக் கொடுப்பதையும் கூட்டிப் பார்க்கட்டும். 2003இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. மழைக்கு முன் குழாய் அடைப்பை எடுப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. குளித்த நீரையும் கல்வாழைப் பாத்தி வழியே விட்டு வேம்புக்கும் புங்கனுக்கும் பாய்ச்சலாம்.