வரைபடத்தில் விழுந்த கோடு ஆவணங்களில் நீள்கிறது

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

ஆகஸ்ட் 14 ஆம் நாளைப் ‘பிரிவினைக் கொடுமைகள் நினைவு தினம்’ என்று கடைப்பிடிக்கப் போவதாக ஒன்றிய அரசு 2021 இல் அறிவித்தது. பிரிவினையை நினைவுகூர வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பிறந்த மண்ணை விட்டு வெளியேறினர். கொல்லப்பட்டோர் இரண்டு லட்சம் என்போரும் உண்டு. பத்து லட்சத்திற்கும் மேல் என்போரும் உண்டு. இறந்தவர்களை எண்ணிச் சொல்லக்கூட ஆளில்லாத அளவிற்கு அந்தக் கொடுமை நிகழ்ந்தது.

ஆனால், எதற்காக நினைவுகூர்வது என்பதே கேள்வி. அண்டை வீட்டாரைச் சந்தேகிப்பதற்காக நினைவுகூர்ந்தால், அது பிரிவினையைத் தொடர்வதாகும். 1947 இல் நிலத்தின் மீது போடப்பட்ட கோடு அன்றோடு நின்றுவிடவில்லை. அனுமதிச் சீட்டு, கடவுச்சீட்டு, சொத்துப் பத்திரம், வாக்காளர் பட்டியல், குடிமக்கள் பதிவேடு என ஏழை மக்களின் கைகளில் உள்ள ஒவ்வொரு தாளின் ஊடாகவும் அது இன்றுவரை நீண்டு வருகிறது. பிரிவினையின் நிலைத்த மரபு இதுதான். அதன் வரலாற்றை அறிந்தால்தான் இன்றைய குடியுரிமைப் போராட்டத்தின் பொருள் விளங்கும்.

கோட்டிற்கு முன் நடந்தவை

1905 அக்டோபர் 16 அன்று கர்சன் பிரபு வங்கத்தைப் பிரித்தார். மக்கள் எதிர்ப்பின் காரணமாக 1911 இல் அது கைவிடப்பட்டது. ஆயினும் இடைப்பட்ட காலத்தில், 1909 ஆம் ஆண்டின் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதிகளை ஏற்படுத்தி, வாக்காளரை மதத்தால் பிரித்துவிட்டது. நிலவரி, குத்தகை, கூலி ஆகியவற்றின் அடிப்படையில் எழ வேண்டிய அரசியல், மதத் தலைவர்களும் நிலப்பிரபுக்களும் பேரம் பேசும் அரசியலாக மாறுவதற்கு அது வழிவகுத்தது.

இரு தேசக் கோட்பாட்டை முஸ்லிம் லீக் மட்டுமே கண்டுபிடித்ததாக இன்று ஆட்சியில் இருப்போர் பிரச்சாரம் செய்கின்றனர். 1940 மார்ச்சில் லாகூரில் லீக் தனது தீர்மானத்தை நிறைவேற்றுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1937 இல் அகமதாபாத்தில் நடந்த இந்து மகாசபை மாநாட்டின் தலைமையுரையில், இந்தியாவில் இந்துக்கள், முஸ்லிம்கள் என இரு தேசங்கள் உள்ளன என்று சாவர்க்கர் கூறினார். 1940களில் சிந்து மாகாணத்தில் முஸ்லிம் லீகும் இந்து மகாசபையும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்திருந்தன. எதிரெதிராக முழங்கிய இரு வகுப்புவாதங்களும் அடிப்படையில் ஒரே கருத்தின் இரு பக்கங்களாகவே இருந்தன.

1946: இரண்டு பாதைகள்

பிரிவினை தவிர்க்க முடியாதது என்று பலரும் எழுதுகின்றனர். 1946 ஆம் ஆண்டை நாள்வாரியாகப் பார்த்தால் வேறொரு காட்சி தெரியும்.

அவ்வாண்டு பிப்ரவரியில், இந்திய தேசிய ராணுவத்தின் கேப்டன் ரஷீத் அலிக்கு விதிக்கப்பட்ட தண்டனையை எதிர்த்து, கல்கத்தா வீதிகளில் இந்து, முஸ்லிம் மாணவர்களும் தொழிலாளர்களும் ஒன்றாகத் திரண்டனர். பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ கடற்படைப் பயிற்சித் தளத்தில் தொடங்கிய மாலுமிகளின் எழுச்சி, கராச்சி வரை பரவியது. கப்பல்களின் கொடிமரங்களில் காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி ஆகிய மூன்றும் சேர்ந்து பறந்தன. மாலுமிகளுக்கு ஆதரவாகப் பம்பாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கிச் சூட்டில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரணடையுமாறு மாலுமிகளுக்கு அறிவுரை கூறுவதில் பட்டேலும் ஜின்னாவும் ஒன்றுபட்டு நின்றனர்.

ஜூலை 29 அன்று, அஞ்சல் ஊழியர்களின் போராட்டத்திற்கு ஆதரவாகக் கல்கத்தா நகரமே பொது வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டது. இந்துத் தொழிலாளியும் முஸ்லிம் தொழிலாளியும் தோளோடு தோள் நின்றனர். அதிலிருந்து பதினெட்டே நாட்களில், ஆகஸ்ட் 16 அன்று, லீக் அறிவித்த ‘நேரடி நடவடிக்கை நாளில்’ அதே நகரத்தின் வீதிகளில் பிணங்கள் குவிந்தன.

இந்தப் பதினெட்டு நாட்களை ஒவ்வொரு தோழரும் மனதில் இருத்த வேண்டும். பொருளாதாரக் கோரிக்கைகளுக்காக உருவாகும் ஒற்றுமை மகத்தானது. ஆனால், வகுப்புவாதத்திற்கு எதிரான அரசியல் கல்வியாலும் பகுதிவாரியான அமைப்பாலும் அது உறுதிப்படுத்தப்படாவிட்டால், ஒரே இரவில் சிதறடிக்கப்படலாம். உறுதிப்படுத்தப்பட்ட இடங்களில் அது தாக்குப்பிடித்தது என்பதற்கும் சான்றுகள் உண்டு. அதே ஆண்டின் இறுதியில் வங்கத்தின் வடக்கிலும் பிற பகுதிகளிலும் குத்தகை விவசாயிகள் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு விவசாயிகள் சங்கத்தின் தலைமையில் தேபாகா போராட்டத்தைத் தொடங்கினர். இந்து, முஸ்லிம், ராஜவம்சி, சந்தால் விவசாயிகள் அதில் ஒன்றாக நின்றனர். கல்கத்தா டிராம் தொழிலாளர்கள் படுகொலைகளுக்குப் பின்னரும் பிளவுபடாமல், 1947 இன் தொடக்கத்தில் நீண்ட வேலைநிறுத்தம் ஒன்றை நடத்தினர்.

கம்யூனிஸ்ட் இயக்கம் தன்னையும் விமர்சனத்திற்கு உட்படுத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. தேசிய இனங்களின் சுயநிர்ணய உரிமை என்ற கோட்பாட்டின் பெயரால், பாகிஸ்தான் கோரிக்கைக்கு இடமளிக்கும் நிலைப்பாட்டை 1942 இல் கட்சி எடுத்தது. மதத்தையும் தேசிய இனத்தையும் குழப்பிக்கொண்ட அந்த நிலைப்பாடு பிழையானது எனப் பின்னாளில் இயக்கமே மதிப்பிட்டது. அந்தப் பிழையை மறைப்பதால் பயனில்லை. மத அடையாளத்தைத் தேசமாக ஏற்கும் எந்த வாதமும், எவ்வளவு முற்போக்கான மொழியில் சொல்லப்பட்டாலும், இறுதியில் உழைக்கும் மக்களைப் பிளக்கவே உதவும் என்பதே அதிலிருந்து பெறும் பாடம்.

ஐந்து வாரத்தில் ஓர் எல்லை

1947 ஜூன் 3 அன்று மவுண்ட்பேட்டன் திட்டம் அறிவிக்கப்பட்டது. வங்கத்தையும் பஞ்சாபையும் பிரிப்பது குறித்து வாக்களித்த சட்டமன்ற உறுப்பினர்கள், சொத்தும் கல்வியும் உடையோருக்கே வாக்குரிமை இருந்த 1946 தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கோடிக்கணக்கான விவசாயிகளிடமும் தொழிலாளர்களிடமும் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அசாமின் சில்ஹெட் மாவட்டத்தில் ஜூலை மாதம் வாக்கெடுப்பு நடந்தது. அங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வாக்கு மறுக்கப்பட்டது.

எல்லைக்கோட்டை வரைவதற்காக சிரில் ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞர் ஜூலை 8 அன்று வந்து சேர்ந்தார். அதற்கு முன் இந்தியாவைக் கண்டறியாதவர். அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து வாரங்கள். அவரது தீர்ப்பு, விடுதலை நாள் முடிந்து இரண்டு நாட்களுக்குப் பின், ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியிடப்பட்டது. முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏற்றப்பட்டிருந்தன. தீர்ப்பு வந்தபோது முர்ஷிதாபாத் இந்தியாவிலும் குல்னா பாகிஸ்தானிலும் இருந்தன. பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த சிட்டகாங் மலைப்பகுதி பாகிஸ்தானுக்குக் கொடுக்கப்பட்டது. மதவாரிப் பெரும்பான்மை என்ற அளவுகோலைக்கூட அந்தக் கோடு மதிக்கவில்லை. சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி ஒரு நாட்டிலும், சணல் ஆலைகள் மறு நாட்டிலும் நின்றன. பஞ்சாபில் கால்வாய்கள் ஒரு புறமும் அவற்றின் தலைமதகுகள் மறு புறமும் அமைந்தன.

வங்கதேச எல்லையில் 162 சிறு நிலத்துண்டுகள் ஒரு நாட்டுக்குரியனவாக, மறு நாட்டின் நடுவே கிடந்தன. கூச் பிகார் சமஸ்தான காலத்தில் உருவான அவற்றில் வாழ்ந்தோர், 1947க்குப் பின் எந்த அரசுக்கும் வேண்டாதவர்கள் ஆயினர். பள்ளியும் மருத்துவமனையும் வாக்குச்சீட்டும் இன்றி அவர்கள் 68 ஆண்டுகள் காத்திருந்தனர். 2015 இல்தான் அந்நிலங்கள் பரிமாறிக்கொள்ளப்பட்டன.

பெண்ணும் தலித்தும்

கடத்தப்பட்ட பெண்களின் எண்ணிக்கை குறித்த அன்றைய அரசு மதிப்பீடு இது: இந்தியாவில் முஸ்லிம் பெண்கள் 50,000, பாகிஸ்தானில் இந்து, சீக்கியப் பெண்கள் 33,000. அவர்களை மீட்பதற்காக 1949 இல் இந்தியா ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின்படி, மீட்கப்படும் பெண்ணின் விருப்பத்திற்கு இடமில்லை. அவள் எந்த மதத்தில் பிறந்தாளோ அந்த மதத்திற்குரிய நாட்டிற்கு அனுப்பப்பட்டாள். புதிய வாழ்க்கையை அமைத்துக்கொண்டவளும், திரும்பினால் குடும்பம் ஏற்காது என்று அஞ்சியவளும் அதில் அடக்கம். மதச்சார்பற்ற அரசு எனத் தன்னை அறிவித்துக்கொண்ட அரசும், பெண்ணைச் சமூகத்தின் சொத்தாகவே கண்டது.

ஜோகேந்திரநாத் மண்டலின் வாழ்க்கை இன்னொரு பாடம். வங்கத்தின் நாமசூத்திரர் சமூகத்திலிருந்து வந்த அவர், 1946 இல் அம்பேத்கர் வங்கத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட உதவியவர். சாதி இந்து நிலப்பிரபுக்களுக்கு எதிராக முஸ்லிம் விவசாயிகளும் தலித் விவசாயிகளும் கூட்டாளிகள் என்று நம்பி, பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானார். 1950 இல் கிழக்கு வங்கத்தில் நடந்த வன்முறைகளுக்குப் பின், பதவி விலகி இந்தியா திரும்பினார். வர்க்கக் கூட்டணியாக அவர் கருதியது, மத அரசின் சட்டகத்திற்குள் நிலைக்க முடியவில்லை.

தாள்களில் நீண்ட கோடு

1948 ஜூலையில் மேற்கு எல்லையில் அனுமதிச் சீட்டு முறை வந்தது. கலவரத்திற்கு அஞ்சி எல்லை தாண்டிய முஸ்லிம்கள் தம் வீடுகளுக்குத் திரும்புவது அதனால் தடைபட்டது. 1952 அக்டோபரில் இரு நாடுகளுக்கிடையே கடவுச்சீட்டு கட்டாயமாயிற்று. சொத்தும் அதே வழியில் சென்றது. இந்தியாவின் 1968 ஆம் ஆண்டு எதிரிச் சொத்துச் சட்டம், 2017 இல் மேலும் கடுமையாக்கப்பட்டு, இந்தியக் குடிமக்களாகவே வாழும் வாரிசுகளின் உரிமையையும் பறித்தது. எல்லைக்கு அப்பால், 1965 போரின்போது கிழக்கு பாகிஸ்தானில் வந்த எதிரிச் சொத்து ஏற்பாடு, வங்கதேசம் உருவான பின்னரும் பெயர் மாறித் தொடர்ந்தது. அதன் வழியே இந்துக் குடும்பங்கள் நிலங்களை இழந்தன. இரு புறமும் சட்டத்தின் வாசகம் ஒன்றுதான். பாதிக்கப்பட்டோரின் மதம் மட்டுமே வேறு.

மதத்தால் ஒரு தேசம் ஆகும் என்ற கோட்பாட்டை வரலாறே மறுத்தது. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் தாய்மொழிக்காக மாணவர்கள் உயிர் நீத்தனர். 1971 இல் வங்கதேசம் பிறந்தது. ஒரே மதம் பாகிஸ்தானின் இரு பகுதிகளையும் கால் நூற்றாண்டு காலம்கூடச் சேர்த்து வைக்கவில்லை.

இந்திய அரசியல் நிர்ணய சபைக்கும் இது புரிந்திருந்தது. வேறு நாட்டின் குடிமகனாக இல்லாத எந்த இந்துவுக்கும் சீக்கியருக்கும் குடியுரிமை என்ற திருத்தத்தை 1949 ஆகஸ்டில் பி.எஸ். தேஷ்முக் முன்மொழிந்தார். இரத்தம் காயாத அந்த நாட்களிலும் சபை அதை ஏற்கவில்லை. அன்று நிராகரிக்கப்பட்ட கருத்தே, எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டமாக நுழைந்தது. மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தோரில் முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும் அது வழி திறக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்தாண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அதில் இடமில்லை. துன்புற்றோருக்கு அடைக்கலம் தருவதே நோக்கம் என்றால், மதமும் நாடும் பார்த்து வடிகட்ட வேண்டிய தேவை எழுந்திருக்காது.

அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டனர். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் உண்டு, ஏழைகளே மிகுதி. சிறுவயதில் மணமாகி வேற்றூர் சென்ற, பள்ளிச் சான்றிதழ் இல்லாத பெண்கள், தம் தந்தையின் மகள்தான் தாங்கள் என்று நிரூபிக்க ஊராட்சிச் சான்றுகளோடு அலைந்தனர். 1949 இல் கேட்கப்படாத பெண்ணின் குரல், இங்கே நம்பப்படாத குரலாக மாறியது. தான் வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் சுமையைக் குற்றம்சாட்டப்பட்டவர் மீதே சுமத்திய சட்டம், விடுதலைக்கு முன் 1946 இல் வந்தது. 2025 இல் அதன் இடத்தைப் பிடித்த புதிய சட்டமும் அச்சுமையை இறக்கி வைக்கவில்லை.

கட்சியின் முன் உள்ள கடமை

தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து மூன்று கடமைகள் எழுகின்றன.

முதலாவது, எல்லையின் இரு புறமும் உள்ள சிறுபான்மையினரின் உரிமைக்காக ஒரே குரலில் பேசுவது. வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் இந்துக்கள் தாக்கப்படும்போது மௌனம் காப்பவர், இந்தியாவில் முஸ்லிம்களுக்காகப் பேசும் தார்மீக வலிமையை இழந்துவிடுவார்.

இரண்டாவது, ஆவணமில்லாத ஏழைக்குத் துணை நிற்பது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் விடுபட்டோரையும், குடும்ப அட்டை இல்லாதோரையும், பிற மாநிலங்களிலிருந்து வந்து உழைக்கும் தொழிலாளர்களையும் அறிந்திருக்க வேண்டும். வங்காளி பேசினாலே ‘ஊடுருவியவர்’ என்று முத்திரை குத்தப்படும் காலத்தில், அந்தத் தொழிலாளி முதலில் தட்டும் கதவு சங்க அலுவலகத்தின் கதவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒன்றுபட்டுப் போராடிய வரலாற்றைச் சொல்வது. ஆகஸ்ட் 14 அன்று கொடுமைகள் மட்டும் சொல்லப்பட்டால், வெறுப்பு மட்டுமே மிஞ்சும். மூன்று கொடிகளை ஒரே கொடிமரத்தில் ஏற்றிய மாலுமிகளையும், விளைந்த நெல்லைச் சேர்ந்தே அறுத்துச் சேர்ந்தே காத்த தேபாகா விவசாயிகளையும் மக்கள் அறிய வேண்டும். 1946 ஜூலை 29க்கும் ஆகஸ்ட் 16க்கும் இடையில் பதினெட்டு நாட்கள் இருந்தன. அப்படிப்பட்ட நாட்கள் ஒவ்வொரு ஊருக்கும் வரக்கூடும். அவை வருவதற்கு முன்பே அந்த ஊரில் கட்சியும் சங்கமும் என்ன செய்து வைத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே முடிவு அமையும்.