பழந்துவக்குகளும் அவற்றைப் பேணுவோரும்

பின்லாந்து நாட்டுப் படைக் களஞ்சியத்திலிருந்து வெளிவந்த பழைய துவக்கு ஒன்று மேசைமீது கிடத்தப்பட்டிருக்கின்றது. அதனை வாங்கியவர் உருப்பெருக்குக் கண்ணாடியைக் கையிலேந்தி அதன் உருக்குப் பரப்பை அங்குலம் அங்குலமாக ஆராய்கின்றார். குழலின் அடியில் பிரெஞ்சு நாட்டின் சாத்தெல்ரோ தொழிற்சாலையின் பெயரும் 1890களுக்குரிய ஓர் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வேறோர் இடத்தில் ஒஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசின் படைக்கலத் தொழிற்சாலை இட்ட மூன்றெழுத்து முத்திரை தென்படுகின்றது. இவற்றுக்குச் சற்று அப்பால், சிறிய சதுரக் கட்டத்தினுள் பின்லாந்துப் படையைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள் உள. துவக்கோ ருஷ்யப் பேரரசுக்காகச் செய்யப்பட்டது. பிரான்சிற் பிறந்து, ருஷ்யப் போர்வீரன் தோளில் ஏறி, முதலாம் உலகப் போரில் ஒஸ்திரியர் கையிற் சிக்கி, ஈற்றிற் பின்லாந்தின் பனிக்காட்டை அடைந்த ஒரு பொருளின் வரலாறு அஃது. அதனைச் சுமந்தவர்கள் நாட்குறிப்பு எழுதியிருக்கலாம், எழுதாமலும் இருந்திருக்கலாம். இரும்பு எழுதி வைத்திருக்கின்றது.

இத்தகைய படைக்கலங்களைத் தேடிச் சேர்த்துப் பேணுவோர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பலர் உளர். ஒரு நாட்டின் படை புதிய ஆயுதத்தை ஏற்றதும் பழையன மிகையாகின்றன. அவற்றை உருக்கலாம், நட்பு நாடுகளுக்குக் கொடுக்கலாம், களஞ்சியத்திற் குவித்து வைக்கலாம், அன்றேல் விற்கலாம். இவ்வாறு விற்கப்பட்டவையே சேகரிப்போர் கைக்கு வருகின்றன.

கொல்வதற்கென்று செய்யப்பட்ட ஒரு பொருளைப் பேணிப் போற்றுவது தகுமோ என்ற வினா இங்கே எழுதல் இயல்பு. துவக்கு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு நடுங்கிய காலத்தைக் கண்ட இலங்கை நேயர்களுக்கு அவ்வினா இன்னும் கூர்மையாகத் தோன்றும். அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. சேகரிப்போருள்ளும் ஆயுதத்தின் ஆற்றலை மட்டுமே வியப்போர் இல்லாமலில்லை. ஆயினும் பழைய வாளையும் வேலையும் நூதனசாலையில் வைத்துக் காக்கும் நாம், நம் பாட்டனார் காலத்துப் போர்களின் சான்றினை மட்டும் உருக்குலையில் இட்டுவிட்டால், அப்போர்களைப் பற்றி அரசுகள் எழுதி வைத்த ஏடுகளை மாத்திரமே நம்பவேண்டி வரும். ஏடு மறைத்ததை இரும்பு சில வேளைகளிற் சொல்லிவிடுகின்றது.

எடுத்துக்காட்டாக மேலே கூறிய துவக்கினையே நோக்கலாம். ருஷ்யப் படை அதிகாரியான சேர்கேய் மொசின் வகுத்த அமைப்பையும், பெல்ஜிய நாட்டவரான லெயோன் நகானின் அமைப்பிலிருந்து எடுத்த சில கூறுகளையும் இணைத்து, 1891ஆம் ஆண்டில் ருஷ்யப் பேரரசு இதனை ஏற்றுக்கொண்டது. மொசின் - நகான் என்று உலகம் வழங்கும் துவக்கு இதுவே. ஐந்து ரவைகள் கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் குழலின் பின்வாயை மூடும் தாழினைக் கையால் திறந்து மூடவேண்டும். தூலா, இஷெவ்ஸ்க், செஸ்திரோரெத்ஸ்க் என்னும் மூன்று ருஷ்யத் தொழிற்சாலைகளும் உடனடியாகப் போதிய அளவு செய்ய இயலாமையால், முதல் 5 இலட்சம் துவக்குகள் பிரான்சிற் செய்விக்கப்பட்டன. பிற்காலத்தில் அனைத்துத் தொழிற்சாலைகளும் செய்தவற்றைக் கூட்டினால் தொகை 3 கோடி 70 இலட்சம் அளவினதாகும் என்பர்.

முதலாம் உலகப் போர் மூண்டபொழுது ருஷ்யாவிற் போர்வீரர் இருந்தனர், துவக்கு இல்லை. ஆதலால் அமெரிக்காவின் றெமிங்டன், நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய நிறுவனங்களிடம் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட துவக்குகளுக்குக் கட்டளை கொடுக்கப்பட்டது. வேலை நடந்துகொண்டிருக்கையில் 1917ஆம் ஆண்டுப் புரட்சி வந்தது. புதிய ஆட்சி பணம் கொடுக்க மறுத்தது. செய்து முடித்த துவக்குகள் தேங்கின. நிறுவனங்கள் நொடிக்கும் நிலையை எய்தின. அமெரிக்க அரசு எஞ்சியவற்றைத் தானே வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டில், ருஷ்யாவின் வடகோடியிலுள்ள ஆர்க்காங்கெல் துறைமுகத்துக்குப் போல்ஷெவிக்குகளுக்கு எதிராக அனுப்பப்பட்ட அமெரிக்கப் படையினரின் கையில் இந்த ருஷ்யத் துவக்குகளே கொடுக்கப்பட்டன. ருஷ்யர்க்கெனச் செய்து ருஷ்யருக்கு விற்க முடியாத ஆயுதம் ருஷ்ய மண்ணுக்கே ருஷ்யரைச் சுடச் சென்றது! வரலாற்று நூல்களில் இஃது ஓர் அடிக்குறிப்பு. துவக்கைக் கையில் எடுத்தவனுக்கோ அதுவே முதற்பக்கம்.

பின்லாந்தின் கதை இன்னும் சுவையானது. 1917ஆம் ஆண்டு திசெம்பரில் விடுதலை பெற்ற அச்சிறு நாடு, தன்னை ஆண்ட ருஷ்யர் விட்டுச்சென்ற துவக்குகளையே தன் படைக்கும் கொண்டது. பிற நாடுகளின் போர்க் கொள்ளைகளுட் கிடந்தவற்றையும் விலைகொடுத்து வாங்கியது. ஆனால் அவற்றை அப்படியே வைத்திருக்கவில்லை. நல்ல குழல்களைப் புதிதாகப் பொருத்தினர். குறிகாட்டியில் ருஷ்யர் பொறித்திருந்த அர்ஷின் என்னும் பழைய அளவை - அஃது ஏறத்தாழ 71 சதம மீற்றர் - அழித்து மீற்றர் அளவைப் பொறித்தனர். குழலைத் தாங்கும் மரம் குளிரிலும் ஈரத்திலும் முறுகிக் குழலை நெருக்காதவாறு, இரு துண்டு மரங்களை விரல்கோத்தாற்போல இணைத்தனர். ஒன்றை மட்டும் அவர்கள் என்றுமே புதிதாகச் செய்யவில்லை. தாழ் ஓடுகின்ற உருக்குக் கூட்டினைப் பழைய ருஷ்யத் துவக்கிலிருந்தே எடுத்தனர். ஆகவே 1939ஆம் ஆண்டு மாதிரி எனப் பெயர்கொண்ட துவக்கொன்றின் மரத்தைக் கழற்றிப் பார்த்தால், அடிப்புறத்தில் 1895 என்றோ 1898 என்றோ ஆண்டு பொறித்திருக்கக் காணலாம். அமெரிக்கச் சட்டப்படி 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட சுடுகலன் தொல்பொருளாகும். எனவே மறைந்து கிடக்கும் அந்த நான்கு இலக்கங்களால் ஒரு துவக்கின் சட்டநிலையே மாறிவிடுகின்றது.

1939ஆம் ஆண்டு நவெம்பர் 30ஆம் நாள் சோவியத் படை பின்லாந்தினுள் நுழைந்தபோது, இரு தரப்பினர் தோளிலும் இருந்தது ஒரே குலத்துத் துவக்கே. 500க்கு மேற்பட்டவர்களை வீழ்த்தியதாகக் கணக்கிடப்படும் சீமோ ஹைஹா என்னும் குறிசுடுநர் ஏந்தியதும் இவ்வகையே. 1980களில்கூடப் பின்லாந்துப் படை பழைய கூடுகளின்மீது புதிய குழல் பொருத்திக் குறிசுடுந் துவக்குகளை ஆக்கிற்று. பேரனும் பூட்டனும் ஒரே இரும்பைப் பிடித்தனர் எனலாம்.

இனி, சேகரிப்போரிடையே மிகுந்த சினத்தையும் வாதத்தையும் எழுப்பும் விடயம் ஒன்று உண்டு. அது பழுதுபார்த்தல் என்ற பெயரால் நிகழும் அழிவு.

1942ஆம் ஆண்டில் இஷெவ்ஸ்கிற் செய்யப்பட்ட துவக்கு ஒன்றைக் கையாற் தடவினால் உருக்கின் மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும். கடைசல் உளி பதித்த வரைகள் கண்ணுக்குத் தெரியும். போருக்கு முன்னர் செய்தவற்றில் அவ்வாறில்லை, அவை மெருகேற்றப்பட்டவை. 1941ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜேர்மானியப் படை தூலா நகரை நெருங்கியது. அங்கிருந்த இயந்திரங்கள் கிழக்கே கொண்டுசெல்லப்பட்டன. இஷெவ்ஸ்க் தொழிற்சாலை பெருஞ்சுமையைத் தாங்கவேண்டியதாயிற்று. மெருகேற்ற நேரமில்லை. அந்தச் சொரசொரப்பு அக்காலத் தொழிலாளரின் அவசரம். அழகு கருதி ஒருவர் அதனை அரத்தாளால் தேய்த்துப் பளபளக்கச் செய்தால், துவக்கு எஞ்சும். 1942ஆம் ஆண்டு போய்விடும். பழுது என்று தோன்றுவது எது, சான்று எது என்று பிரித்தறியாதவர் கையில் அரத்தாள் இருத்தல் ஆபத்து.

இதனினும் கொடிது வேட்டைத் துவக்காக மாற்றுதல். இரண்டாம் உலகப் போரின்பின் பிரித்தானியாவின் லீ - என்பீல்ட், அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட், ஜேர்மனியின் மௌசர் ஆகியன மலிவாக விற்கப்பட்டன. மான் வேட்டைக்குப் பாரம் அதிகம் என்று எண்ணி மக்கள் முன்மரத்தை அறுத்தெறிந்தனர், குழலைக் குறுக்கினர், குறிகாட்டிகளைக் கழற்றி வீசினர். அவர்களைக் குறைகூறுவதும் முழு நியாயமன்று. குடும்பத்துக்கு இறைச்சி தேடியவனுக்கு அது மலிவான கருவி. அக்காலத்தில் அது எங்கும் கிடந்தது. எங்கும் கிடக்கும் பொருளை ஒருவரும் பேணுவதில்லை. இன்று அறுக்கப்படாத ஒன்றைத் தேடுவோர், அறுத்தெறிந்த மரத்துக்கும் துவக்கின் விலையை ஒத்த விலை கொடுக்கின்றனர். மொசின் - நகானும் அவ்வழியே சென்றது. சோவியத் ஒன்றியம் 1991இற் கலைந்தபின் களஞ்சியங்களிலிருந்து பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்கு வந்தபோது அதன் விலை 100 டாலருக்கும் குறைவு. அன்று அதை வெட்டித் திருத்தியவர்கள், விலை பன்மடங்கு ஏறிவிட்ட பின்னர் வருந்துகின்றனர்.

அப்பெட்டிகளைத் திறந்தவர் முதலிற் காண்பது கொஸ்மொலின் எனப்படும் தடித்த மண்ணெய்க் களிம்பு. கறள் பிடியாதிருக்கத் துவக்கு முழுவதும் அதிலே தோய்த்து எடுக்கப்பட்டிருக்கும். உருக்குப் பகுதிகளை மண்ணெண்ணெயால் துடைத்துக் களிம்பை நீக்கலாம். மரத்தினுள் ஊறியதை நீக்குவதற்குப் பொறுமை வேண்டும்: கறுப்புத் துணியிற் சுற்றி வெயிலில் வைத்து, கசிந்து வரும்போதெல்லாம் துடைக்கவேண்டும். ஒரே நாளில் முடிக்க எண்ணி மரத்தைச் சுரண்டுவோர் பூச்சையும் முத்திரைகளையும் சேர்த்தே சுரண்டிவிடுகின்றனர். சோவியத் தொழிற்சாலைகள் மரத்துக்குப் பூசியது அரக்கு. பழைய தச்சர் அறிந்த அதே அரக்குத்தான். மதுசாரம் பட்டால் அது கரையும். ஆதலால் கைக்குக் கிடைத்த திரவத்தையெல்லாம் ஊற்றித் துடைத்தல் ஆகாது. அரக்குப் பூசாது எண்ணெய் ஊட்டிய மரமாயின் ஆளிவிதை எண்ணெயைச் சில துளி கையிலெடுத்து உள்ளங்கைச் சூட்டால் தேய்த்தாற் போதும்.

குழலுக்குப் பகைவன் வேறு. பழைய ரவைகளின் பற்றுமருந்திற் பொற்றாசியம் குளோரேற்று சேர்க்கப்பட்டது. அது வெடித்தபின் பொற்றாசியம் குளோரைட்டு என்னும் உப்பாகக் குழலினுட் படிகின்றது. உணவில் இடும் உப்பைப்போலவே இதுவும் காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் இவ்வுப்பைக் கரைக்காது. மேலே எண்ணெய், அடியில் உப்பு, இடையே கறள் என்றாகிவிடும். சுடுநீர்தான் மருந்து. இரும்பில் நீரூற்றுவதா என்று அஞ்சுவோர் பலர். சுடுநீரால் உப்பைக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் இடுதல் முறை. இதை அறியாது எண்ணெயை மட்டும் பூசி வைத்த நல்ல குழல்கள் பல உள்ளே குழி குழியாய் அரிக்கப்பட்டுப் போயின.

தோலுறையில் இட்டு வைத்தல் அழகாகத் தோன்றும்; ஆனால் தோல் ஈரத்தை வைத்திருக்கும், பதனிட்ட மருந்தின் அமிலமும் இரும்பை அரிக்கும். வெறுங்கையாற் தொட்டால் வியர்வையின் உப்புப் படியும். வைக்கும் அறையின் ஈரப்பதன் ஒரு நாள் கூடியும் மறுநாள் குறைந்தும் இராது ஒரே நிலையில் நூற்றுக்கு ஐம்பது வீத அளவில் இருத்தல் நன்று. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, துவக்கைக் கையில் எடுத்தவுடன் தாழைத் திறந்து உள்ளே ரவை இல்லையென்று கண்ணால் கண்டு உறுதிசெய்தல் வேண்டும். நூறாண்டு பழையதென்பதால் ரவைக்கு இரக்கம் வந்துவிடாது.

விலை ஏறினால் வஞ்சகமும் ஏறும். போர்க்காலத்திற் குறிசுடுநர்க்கு வழங்கிய மொசின் துவக்குகளில் தொலைநோக்கி பொருத்தத் துளையிட்டிருந்தனர். போரின்பின் பலவற்றில் தொலைநோக்கியைக் கழற்றித் துளைகளை அடைத்துச் சாதாரணத் துவக்காக்கினர். அடைத்த துளையின் வட்டத்தைக் கண்டு, இஃது ஒருகாலத்திற் குறிசுடுநன் துவக்கு என்று இனங்காண்பர் அறிந்தோர். அறிந்தோர் தேடுவதைக் கண்டு, சாதாரணத் துவக்கிற் புதிதாய்த் துளையிட்டு விற்போரும் தோன்றினர். ஒரு பொய்த்துளை வாங்கியவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. பின்னொரு நாள் அதனைச் சான்றாகக் கொண்டு எழுதப்படும் வரலாற்றையும் ஏமாற்றும்.

சுவிற்சர்லாந்தின் துவக்குகளில் வேறொரு புதுமை உண்டு. அந்நாட்டிற் படைப்பயிற்சி பெற்ற ஆடவர் தம் துவக்கை வீட்டிலேயே வைத்திருப்பர். 1931ஆம் ஆண்டு மாதிரித் துவக்கின் அடிக்கட்டையில் ஓர் இரும்புத் தகடு இரு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றினால், சிலவற்றில், மடித்த சிறு தாள் ஒன்று இருக்கும். அதில் அத்துவக்குக்குரிய போர்வீரனின் பெயர், படைப்பிரிவு, ஊர் ஆகியன எழுதப்பட்டிருக்கும். கடல் கடந்து அமெரிக்காவில் அத்துவக்கை வாங்கியவர்களுட் சிலர், தாளிற் கண்ட முகவரிக்குக் கடிதம் எழுதினர். சிலருக்கு விடையும் கிடைத்தது. முதுமையுற்ற அந்த வீரரே எழுதியதும் உண்டு, அவர் மக்கள் எழுதியதும் உண்டு. அனுபவமுள்ள சேகரிப்பாளர் தாளைப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை முன்போல மடித்து, அதே இடத்தில் வைத்து, இரு திருகாணிகளையும் திரும்ப முறுக்கிவிடுகின்றார்.