டி ஹாவிலண்ட் ஸ்தாபனமும் காமெட் விமானமும்

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி, ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறு விமானம் ஒன்று தபால் மூட்டைகளைச் சுமந்து கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. அதைச் செலுத்தியவர் ஜே. ஆர். டி. டாட்டா. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். அந்தச் சேவைக்கு உதவிய 'புஸ் மாத்' விமானம் இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் ஸ்தாபனத்தில் உருவானது. அப்பெயர் இன்று பிரயாணிகளுள் பலருக்கு நினைவில் இராது. ஆயினும் விமானத்தில் ஏறி அமரும் ஒவ்வொருவரும் அந்த ஸ்தாபனத்தின் கதைக்குக் கடன்பட்டவர்களே. அக்கடன் எத்தகையது என்பதையே இங்கே கூற விரும்புகிறேன்.

ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் 1882இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். பாட்டனார் அளித்த பொருளைக் கொண்டு தாமே விமானம் அமைத்து, 1910இல் தாமே அதில் வானேறினார். 1920இல் லண்டனை அடுத்த ஸ்டாக் லேனில் தம் பெயரால் தொழிற்சாலை நிறுவினார். பூச்சியினங்களை ஆராய்வதில் பெருவிருப்புடையவர் அவர். ஆதலால் தம் சிறு விமானங்களுக்கு 'மாத்', அதாவது அந்துப்பூச்சி, என்று பெயரிட்டார். 1925இல் வெளிவந்த முதல் மாத் விமானம் இறக்கைகளை மடித்துச் சிறு கொட்டகையில் நிறுத்தத்தக்கது. பறக்கும் கலையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் அத்தொழில் அவர் குடும்பத்திடம் பெருவிலை பெற்றது. மூன்று புதல்வருள் இருவர், ஒருவர் 1943இலும் மற்றவர் 1946இலும், விமானச் சோதனைகளில் உயிர் நீத்தனர்.

உலகப் போருக்குப் பின் இந்த ஸ்தாபனம் துணிந்து ஒரு பெருமுயற்சியில் இறங்கியது. ஜெட் யந்திரத்தால் இயங்கும் பிரயாணி விமானம் அதுவரை உலகில் இல்லை. 1949 ஜூலை 27இல் 'காமெட்' முதன்முதலாகப் பறந்தது. 1952 மே 2இல் அது லண்டனிலிருந்து ஜோஹானஸ்பர்க் நகருக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. மேகங்களுக்கு மேலே, 35,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், அதிர்வின்றிச் செல்லும் அவ்விமானத்தை உலகம் வியந்து நோக்கியது.

சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், 1953 மே 2ஆம் தேதி, கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து புறப்பட்ட காமெட் ஒன்று இடிமழையிடையே உடைந்து வீழ்ந்தது. நாற்பத்து மூவர் மாண்டனர். புயற்காற்றின் தாக்குதலே காரணமாகலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. 1954 ஜனவரி 10இல் இத்தாலியின் எல்பா தீவருகே மற்றொரு காமெட் கடலில் வீழ்ந்தது, முப்பத்தைவர் மடிந்தனர். விமானங்கள் நிறுத்தப்பட்டன, பல திருத்தங்கள் செய்யப்பட்டன. காரணம் தெளிவாகாத நிலையிலேயே மார்ச் 23இல் சேவை மீண்டும் தொடங்கிற்று. பதினாறாம் நாள் நேப்பிள்ஸ் அருகே இன்னொரு காமெட் வீழ்ந்து இருபத்தொருவர் உயிரிழந்தனர். அதன் பின்னரே காமெட் பறக்கும் அனுமதி ரத்தாயிற்று.

இனித்தான் கதையின் முக்கியப் பகுதி வருகிறது. எல்பா அருகே கடலடியிலிருந்து உடைந்த துண்டுகளைக் கடற்படையினர் மீட்டனர். பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் அத்துண்டுகள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன. அதே சமயம், பறந்து பழகிய காமெட் ஒன்றின் உடல் முழுவதையும் பெருந்தொட்டி ஒன்றில் நீருள் அமிழ்த்தினர். உள்ளே நீரழுத்தத்தை ஏற்றினர், இறக்கினர், இரவும் பகலும் இதையே செய்தனர். உயரே செல்லும்போது பிரயாணிகள் மூச்சுவிடுவதற்காக உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்படுகிறதன்றோ? அதற்கு ஈடான சோதனை இது. காற்றுக்குப் பதில் நீரைக் கொண்டதற்கும் காரணமுண்டு: காற்றடைத்த உடல் வெடித்தால் குண்டுபோல் சிதறித் தடயத்தை அழித்துவிடும், நீரோ அவ்வாறு சிதறடிக்காது.

1954 ஜூனில், மொத்தம் 3,057 பயணங்களுக்கு ஈடான அழுத்தத்தைத் தாங்கிய பின், அவ்வுடல் கிழிந்தது. திறப்பின் மூலையருகே தோன்றிய நுண்ணிய வெடிப்பே கிழிசலாகப் பரவியது. ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது முறிவதில்லையா? அதுபோலவே உலோகத் தகடும் களைத்துப் போயிற்று. எல்பாவில் வீழ்ந்த விமானம் 1,290 பயணங்களும், நேப்பிள்ஸ் அருகே வீழ்ந்தது 900 பயணங்களும் மட்டுமே செய்திருந்தன.

ஸ்தாபனத்தார் முன்னரே சோதிக்கவில்லையா என்று கேட்கலாம். சோதித்தனர், அதிலேதான் விபரீதம் புகுந்தது. சோதனைக்கு எடுத்த பகுதியை முதலில் அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்துக்கு உட்படுத்தினர். அதனால் அவ்விடத்து உலோகம் இறுகி, உண்மையிலும் அதிக வலுவுடையதாயிற்று. பிறகு ஆயிரக்கணக்கான முறை அழுத்தியும் அது தளரவில்லை. நேர்மையாகச் செய்த சோதனையே நம்பியவர்களை ஏமாற்றிவிட்டது.

முடிவுகளை எவரும் மூடி மறைக்கவில்லை. 1954 அக்டோபரில் பகிரங்க விசாரணை நடந்தது. மறு ஆண்டு அறிக்கை வெளியாயிற்று. போட்டியாளரான அமெரிக்கர்களும் அதைப் படித்துப் பயனடைந்தனர். தகடுகள் தடித்தன, வெடிப்பு தோன்றினாலும் மேலே பரவாமல் தடுக்கும் பட்டைகள் வந்தன, முழு உடலையும் பல்லாயிரம் பயண அளவு சோதிப்பது வழக்கமாயிற்று. திருத்தப்பட்ட காமெட் 1958 அக்டோபர் 4இல் அட்லாண்டிக்கைக் கடந்து ஜெட் சேவையைத் தொடங்கிற்று. மூன்று வாரத்தில் போயிங் 707 வந்தது. அதுவே சந்தையை வென்றது. 1960இல் டி ஹாவிலண்ட் ஸ்தாபனம் ஹாக்கர் சிட்லியுடன் இணைந்து, சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் தன் பெயரையும் இழந்தது.

பெயர் மறைந்தாலும் பணி மறையவில்லை. காமெட் விமானங்கள் உருவான ப்ராட்டன் தொழிற்சாலையில் இன்று ஏர்பஸ் இறக்கைகள் செய்யப்படுகின்றன. டில்லியிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ நம்மவர் ஊர் திரும்பும் விமானங்களுள் பல அவ்விறக்கைகளால் பறப்பவை. ஒரு தொழிலில் தவறு நேர்வதைவிடக் கொடியது, காரணம் அறியாமலே அதை மீண்டும் தொடர்வது. அறிந்த காரணத்தை எல்லோருக்கும் உரியதாக்கியதால்தான் மாண்டவர்களின் துயரம் பின்வந்தோருக்குக் காவலாயிற்று.