பாடசாலை றோபோக் குழு: சேர்க்கும் ஆசை, நிலைக்க வைக்கும் ஆசை

பாடசாலை றோபோக் குழு என்பது, ஒரு சின்ன வேலையைத் தானாகவே செய்து முடிக்கும் இயந்திரத்தைக் கூடிச் செய்கிற மாணவர் அணி. இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் முதலில் செய்வது கோடு தொடரும் வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு ரேப் ஒட்டிப் பாதை போடுவார்கள். வண்டியின் அடிப்பக்கத்தில், கோட்டின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு உணரிகள் இருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை நிலத்துக்கு அனுப்பி, திரும்பி வரும் அளவைப் பார்க்கும். வெள்ளை கதிரைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். வலப்புற உணரிக்குக் கறுப்புத் தெரிந்தால் வண்டி இடப்பக்கம் விலகிவிட்டது என்று பொருள். உடனே வலச் சில்லின் வேகம் குறையும்; வண்டி திரும்பிக் கோட்டுக்கு வந்துவிடும். இதைத் தீர்மானிப்பது உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ போன்ற ஒரு மின்பலகை. ஆர்டுயினோ 2005ஆம் ஆண்டில் இத்தாலியில் மாணவர்களின் பயன்பாட்டுக்கென உருவாக்கப்பட்டது.

இத்தகைய குழுக்களுக்கு உலகளவில் போட்டிகள் உண்டு. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992இல் பள்ளி மாணவருக்கான தன் முதல் றோபோப் போட்டியை நடத்தியது. உலக றோபோ ஒலிம்பியாட் 2004இல் சிங்கப்பூரில் ஆரம்பமானது. அதில் ஓர் அணியில் இரண்டு அல்லது மூன்று பேர்தான். யாரும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க இடமில்லை.

மாணவர் ஒருவர் குழுவில் சேர்வதற்கான காரணங்களை நான்காக வகுக்கலாம். முதலாவது வியப்பு. தொடாமலே ஒரு பொருள் அசைவதைக் காணும் பிள்ளைக்கு, அது எப்படி என்று அறியும் ஆவல் எழுகிறது. இரண்டாவது நட்பு. கூட்டாளி போகிறான் என்பதற்காகவே போகிறவர்கள் பலர். மூன்றாவது பெயர்: சான்றிதழ், காலைக்கூட்டத்தில் கிடைக்கும் கைதட்டு, நாளிதழில் வரும் படம். நான்காவது பயன். பொறியியல் படிக்க விரும்பும் மாணவரும், உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவை எடுக்க எண்ணும் மாணவரும் இதை ஒரு முன்பயிற்சியாகக் கருதுகிறார்கள். இலங்கைப் பாடசாலைகளில் அப்பிரிவு 2013இல் அறிமுகமானது.

சேர்க்கும் காரணமே ஒருவரைக் குழுவில் நிலைக்கவும் வைக்கும் என்று சொல்ல முடியாது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் மனித ஊக்கத்துக்கு மூன்று அடிப்படைத் தேவைகளைக் குறிப்பிட்டார்கள். தன் செயலைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒன்று. தன்னால் முடியும் என்ற உணர்வு மற்றொன்று. பிறரோடு சேர்ந்திருக்கும் உறவு மூன்றாவது. இம்மூன்றும் கிடைக்கும் இடத்தில் வெளித்தூண்டுதல் குறைவாக இருந்தாலும் வேலை நடக்கும்.

வெளிப்பரிசு சில வேளைகளில் ஆர்வத்தைக் கெடுப்பதும் உண்டு. 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் துணை ஆய்வாளர்களும் படம் வரைவதில் விருப்பமுள்ள முன்பள்ளிச் சிறார்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். வரைந்தால் பரிசு என்று முதலாம் குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு எதிர்பாராமல் பரிசு கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரங்களுக்குப் பின், பரிசை எதிர்பார்த்து வரைந்த சிறார்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ அரைவாசி நேரமே வரைந்தனர். வெற்றிக் கிண்ணத்தை மட்டும் காட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கும் றோபோக் குழுவுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கிண்ணம் கிடைக்காத ஆண்டில் அக்குழு கலைந்துபோகக்கூடும்.

நிலைக்க வைக்கும் ஆசை பெரும்பாலும் பிழை திருத்தும் நேரத்தில் பிறக்கிறது. காலையில் ஒழுங்காக ஓடிய கோடு தொடரும் வண்டி பின்னேரம் தடுமாறும். மென்பொருளில் பிழை தேடுவார்கள், இராது. பற்றறியை மாற்றுவார்கள், பயன் இராது. கடைசியில் யன்னல் வழியே பலகையில் விழும் வெயில்தான் காரணம் என்று தெரியவரும். சூரிய ஒளியிலும் செங்கீழ்க் கதிர் இருப்பதால் உணரி கறுப்பையும் வெள்ளை என்றே எண்ணிவிடுகிறது. உணரியைச் சுற்றி ஒரு காட்போட் துண்டை ஒட்டினால் வண்டி மறுபடி கோட்டைப் பிடிக்கும். அந்தத் துண்டை வெட்டி ஒட்டிய பிள்ளைக்கு, பௌதிகப் புத்தகத்தின் ஒளி அத்தியாயம் அதன்பின் தன்னுடைய அத்தியாயம். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு, தானே செய்து வென்ற அனுபவத்தைவிட வலிமையான ஊற்று வேறில்லை என்பது உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கருத்து.

உரும்பிராய் போன்ற ஊரில் இந்த ஆசைக்கு வேறொரு வேரும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி வீதியால் கோண்டாவிலைத் தாண்டினால் வரும் செம்மண் ஊர் அது. கிணற்று நீரை நம்பிய தோட்டங்கள். துலா இறைத்த இடத்தில் இன்று நீர்ப்பம்பி. மண்ணின் ஈரத்தை அளந்து, போதுமான நீர் பாய்ந்ததும் பம்பியைத் தானாக நிறுத்தும் கருவி, பாடசாலைக் குழு ஒன்றின் கைக்கு எட்டிய வேலை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே யாழ் குடாநாட்டின் நன்னீர். அதை அளவு மீறி இறைத்தால் உவர் ஏறும். ஆகவே அந்தச் சிறு கருவிக்கு வீட்டிலும் தோட்டத்திலும் பொருள் இருக்கிறது. அப்பாவின் வெங்காயப் பாத்தியில் வேலை செய்யும் இயந்திரம், தூரத்து நகரத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இயந்திரத்தைவிட நெருக்கமானது.

கையில் இருப்பதைக் கொண்டு இயந்திரம் செய்யும் பழக்கமும் குடாநாட்டுக்குப் புதிதல்ல. போர் நடந்த 1990களில் மின்சாரம் இல்லாமல், பற்றறிக்கும் தடை இருந்த காலத்தில், மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றினார்கள். டைனமோவில் பிறந்த மின்னில் வானொலி பேசியது. இன்றைய மாணவரின் பெற்றோர் பலருக்கு அது நேரில் கண்ட காட்சி.

தடைகளும் உண்டு. முதல் தடை நேரம். பாடசாலை விட்டதும் ரியூசன். வார இறுதியிலும் ரியூசன். பல்கலைக்கழக அனுமதி பெரும்பாலும் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதால், இணைப்பாடவிதான வேலை வீண்பொழுது என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. இரண்டாவது தடை செலவு. வெளிநாட்டுப் பெட்டித் தொகுதிகள் விலை கூடியவை. தனித்தனிப் பாகங்களாக வாங்கினால் செலவு பெரிதும் குறையும். மூன்றாவது மொழி. நிரல் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்மொழி மூல மாணவர் தயங்குகிறார்கள். ஆனால் தொடக்கத்தில் தேவைப்படும் சொற்கள் ஒரு தாளின் அரைப்பக்கத்துக்குள் அடங்கிவிடும். நான்காவது, இது ஆண்பிள்ளைகளின் வேலை என்ற எண்ணம். ஆனால் 2017இல் வாஷிங்டனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் போட்டிக்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து ஆறு மாணவியர் சென்றனர். இரண்டு முறை விசா மறுக்கப்பட்ட பின்னரே அனுமதி கிடைத்தது. துணிவுக்கான வெள்ளிப் பதக்கத்தோடு அவர்கள் திரும்பினார்கள்.

இவற்றைக் கருத்தில் கொண்டு குழுவை அமைக்கும் முறை எளியது. தரம் 8, 9 மாணவரைச் சேர்ப்பது நல்லது. சாதாரண தரப் பரீட்சையின் நெருக்கடி அப்போது தொடங்கியிராது. வாரத்தில் ஒரு பின்னேரம் போதும், ஆனால் அது மாறாத நாளாக இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப்பொறுப்பு வேண்டும்: ஒருவர் சட்டகம், ஒருவர் வயரிங், ஒருவர் நிரல், ஒருவர் குறிப்பேடு. சில மாதங்களுக்கு ஒருமுறை பொறுப்பு மாறினால், நன்றாகப் பேசுபவரே எப்போதும் நிரல் எழுதுவதும், கூச்சமுள்ளவர் எப்போதும் குறிப்பெழுதுவதும் தவிரும். என்ன செய்வது என்பதை மாணவரே தெரிவு செய்யட்டும். ஆசிரியர் பாதுகாப்பையும் காலக்கெடுவையும் பார்த்துக்கொண்டால் போதும். அதே பாடசாலையில் படித்து, கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போன அக்காவோ அண்ணாவோ மாதம் ஒருமுறை வந்து கூட இருந்தால், அந்தப் பாதை நடக்கக்கூடியது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள்.

குறிப்பேட்டுக்குத் தனி இடம் உண்டு. எந்த நாளில் எது பழுதானது, எப்படிச் சரியானது என்று எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு சேரும் தரம் 8 மாணவர் யன்னல் வெயிலைப் பற்றி முதல் நாளிலேயே அறிந்துகொள்வார். அவர் தனக்கென ஒரு புதிய பழுதைக் கண்டுபிடிக்கலாம்.