திருகோணமலையில் விடைபெறும் பறவைகள்

பங்குனி பிறந்ததும் திருகோணமலையில் வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிடுகிறது. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் வடக்கிலிருந்து வந்த பறவைகள் விடைபெறத் தொடங்குங் காலமும் அதுவே. அவற்றைக் காண விரும்புவோர் விடியுமுன் புறப்படுதல் நன்று.

உட்துறைமுகத்தில் முதலிற் கண்ணிற் படுவன உள்ளூர்ப் பறவைகள். செம்பருந்து நீர்ப்பரப்பின்மேல் வட்டமிடும். வெண்ணிற வயிற்றையுடைய கடற்கழுகு கரைமரத்தில் அசையாது அமர்ந்திருக்கும்.

வெயில் ஏறுமுன் தம்பலகாமத்தை அடையலாம். கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்கள் அவை. பெரும்போக அறுவடை முடிந்த தாள்களிடையே மாடுகளைத் தொடர்ந்து உண்ணிக்கொக்குகள் நடக்கும். தந்திக்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக அமர்ந்திருக்கும். அவையும் ஊர் திரும்பும் பயணிகளே.

வயலுக்கு அப்பால், தம்பலகாமக் குடாவின் கரையில் வற்றுநீர் விட்டுச்சென்ற சேற்றிலேதான் அன்றைய பெருங்காட்சி. உப்புக்கொத்திகளின் சாம்பல் நிற மார்பிற் செம்மை படர்ந்திருக்கும். அது கூடுகட்டும் பருவத்து ஆடை. அவற்றுட் சில திபெத்து மேட்டுநிலத்திற்குச் செல்வன. அருகே ஓடியோடி இரைதேடும் சின்ன உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம். அது கூடுகட்டுவதோ, 6,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வடதுருவ ஓரத்துச் சமவெளியில். இலங்கைக்குத் தெற்கே அண்டார்ட்டிக்கா வரையும் பெருநிலம் இல்லையாதலின், இச்சேற்றுக்கரையே அவற்றின் வழியில் இறுதிச் சத்திரம். நண்டும் புழுவும் உண்டு சேர்த்த கொழுப்பே வழிப்பயணத்திற்குக் கட்டுச்சோறு. கரையைக் குப்பையால் நிரப்பினால் அக்கட்டுச்சோறு கெடும். பசியோடு புறப்படும் பறவை வழியிலேயே வீழ்ந்துவிடும்.

மாலையில் நிலாவெளிக் கரையிலிருந்து பார்த்தால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் புறாமலை தெரியும். அதன் பாறையிடுக்குகளில் வாழும் மாடப்புறா எங்கும் பயணம் போவதில்லை. கோபுரங்களிலும் பண்டசாலைகளிலும் காணும் ஊர்ப்புறாவின் காட்டு மூதாதை இதுவே. இலங்கையில் அது இயற்கையாகக் கூடுகட்டும் இடங்கள் மிகச் சில. ஆங்கிலேயர் ஆட்சியில் இத்தீவு துப்பாக்கிப் பயிற்சிக்கு இலக்காயிருந்தது. 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அது பிரகடனம் செய்யப்பட்டது. சித்திரை முதற் கடல் அமைதியுறுவதால், பவளப்பாறை காண வருவோர் தொகை பெருகும். அவர்கள் பாறைகளில் ஏறாமலும் உணவுமிச்சங்களை விட்டுவராமலும் இருத்தல் வேண்டும். மிச்சங்கள் காகங்களை ஈர்க்கும். காகங்கள் கூட்டிலுள்ள முட்டைகளைத் தின்னும்.

போகின்ற உள்ளானுக்குச் சேறு வேண்டும். இருக்கின்ற புறாவுக்குப் பாறை வேண்டும். இவ்விரண்டையும் கெடாது காத்தால், புரட்டாதியில் வடக்கிலிருந்து திரும்பும் பறவை தான் விட்டுச்சென்ற கரையை மீண்டும் காணும்.