வாசலில் வரும் ‘இலவசம்’: ஹீட் பம்ப் உதவித்தொகையும் எமது குடும்பங்களும்

(மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியிலுள்ள டோர்வலில், தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மொழி, பண்பாடு, தாயகம் பற்றிப் பேசப்படும் இம்மேடையில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் பற்றி ஏன் பேசவேண்டும் எனச் சிலர் எண்ணக்கூடும். எல்லாவற்றையும் இழந்து வந்த எம்மவர் பலருக்கு இந்நாட்டில் உள்ள ஒரே சொத்து அவர்கள் குடியிருக்கும் வீடே ஆகும். இரண்டு வேலை செய்து, சீட்டுக் கட்டி, முற்பணம் சேர்த்து வாங்கிய வீடு அது. வாசலில் நின்று இடும் ஒரு கையெழுத்தினால் அவ்வீட்டின்மீது பெருங்கடன் ஏறுகின்ற நிலை இன்று உருவாகியுள்ளது. ஆகவேதான் இத்தலைப்பைத் தெரிவு செய்தேன்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறத்தால் வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதே முறையில் வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து வீட்டினுள் கொண்டு வருகிறது. கோடையில் இதே இயந்திரம் திசை மாறி வீட்டைக் குளிர்விக்கிறது. சுவரோரம் பொருத்தப்படும் சாதாரண மின்சூடேற்றி ஒரு அலகு மின்சாரத்திற்கு ஒரு அலகு வெப்பத்தையே தரும். ஹீட் பம்போ மிதமான குளிரில் மூன்று அலகு வரை தரக்கூடும். குளிர் கடுமையாகும்போது அந்த அளவு குறைந்துகொண்டே வரும். மைனஸ் 25 பாகையில் துணைச் சூடேற்றி ஒன்று தேவைப்படும். விற்பனையாளர் சிலர் இதனைச் சொல்வதில்லை.

இனி அரச உதவிகளைப் பார்ப்போம். கனடிய மத்திய அரசு 2021 மே மாதத்தில் வீட்டு உரிமையாளருக்கு 5,000 டொலர் வரை வழங்கும் பசுமை வீடுகள் மானியத்தைத் தொடங்கியது. பல ஆண்டுகள் நீடிக்கும் என எதிர்பார்க்கப்பட்ட அத்திட்டம், விண்ணப்பங்கள் குவிந்து 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. 2022இல் தொடங்கிய 40,000 டொலர் வரையிலான வட்டியில்லாக் கடனும் 2025 ஒக்டோபர் 1 முதல் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. கியூபெக்கில் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனம் 2023இல் லோஜிஸ்வேர் என்னும் திட்டத்தை ஆரம்பித்தது. இயந்திரம் மைனஸ் 8 பாகைக் குளிரில் எவ்வளவு வெப்பம் தருகிறது என்பதைக் கொண்டு அதன் உதவித்தொகை கணக்கிடப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. இத்திட்டங்கள் தொடங்கும், மாறும், மூடப்படும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்குமுறை இருக்கும். மத்திய அரசின் மானியத்தில், வேலை தொடங்குமுன்னரே வீடு மதிப்பீடு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. அதனை அறியாது முதலில் இயந்திரத்தைப் பொருத்திவிட்டு விண்ணப்பித்தவருக்கு அம்மானியத்தில் இடமிருக்கவில்லை. உதவித்தொகை எமது வரிப்பணம், அதனைப் பெறுவது எமது உரிமை. ஆனால் ஒழுங்குமுறையைப் பின்பற்றாதவருக்கு அவ்வுரிமை கைக்கு எட்டாது.

இனி ஒரு நிகழ்வைக் கூறுகிறேன். எனக்குத் தெரிந்த வயதான தம்பதியினர் எண்ணெயில் இயங்கும் பழைய ஃபர்னஸ் உள்ள வீட்டில் வசிக்கிறார்கள். கியூபெக்கில் 2023 டிசம்பர் 31 முதல் அத்தகைய ஃபர்னஸ் பழுதானால் அதற்குப் பதிலாக மீண்டும் எண்ணெய் ஃபர்னஸ் வைக்க முடியாது. ஒரு மாலை கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் இளைஞர் கதவைத் தட்டினார். “அரசாங்கத் திட்டத்திலிருந்து வந்திருக்கிறேன், உங்களுக்குச் செலவில்லை, இன்றே பதியாவிட்டால் வாய்ப்பு போய்விடும்” என்றார். பிரெஞ்சில் இருந்த பல பக்க ஒப்பந்தத்தில் ஐயா கையெழுத்திட்டார். அது மானிய விண்ணப்பம் அல்ல, நீண்டகாலக் கடன் ஒப்பந்தம். விடயம் பிள்ளைகளுக்குத் தெரிய வந்தபோது மாதங்கள் பல கடந்திருந்தன. “உங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாது என்றுதான் சொல்லவில்லை” என்றார் அம்மா.

அத்தகைய ஒப்பந்தத்தின் பொருள் என்ன என்பதை ஓர் உதாரணக் கணக்கால் காட்டுகிறேன். 20,000 டொலரை ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 323 டொலர், மொத்தம் ஏறத்தாழ 38,700 டொலர். மறுபுறம், மின்சூடேற்றி கொண்டு குளிர்காலத்தில் 12,000 அலகு செலவிடும் வீட்டில் ஹீட் பம்ப் அதனைப் பாதியாக்கினாலும் மீதமாவது 6,000 அலகு. அலகொன்று 10 சதம் எனக் கொண்டால் ஆண்டுக்கு 600 டொலர். பத்தாண்டில் 6,000 டொலர் மீதமாக்க 38,700 டொலர் கட்டுவது எவ்வகையில் நியாயம்? நியாயமான விலையில், உரிய உதவித்தொகையுடன் பொருத்தினால் இதே இயந்திரம் நல்ல முதலீடே. எனவே இயந்திரத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை, ஒப்பந்தத்தையே ஆராயவேண்டும்.

இது கியூபெக்கில் மட்டும் நிகழ்வதன்று. ரொறன்ரோவில் வாழும் எமது உறவுகளும் இதனை அனுபவித்திருக்கிறார்கள். ஒன்ராறியோ அரசு 2018 மார்ச் 1 முதல் ஃபர்னஸ், குளிரூட்டி, வெந்நீர்க் கொதிகலன் போன்றவற்றை அழைப்பின்றி வீடு வீடாகச் சென்று விற்பதைத் தடை செய்தது. அத்தகைய பொருட்களுக்காக வீட்டு உறுதியின்மீது உரிமை அறிவித்தல் பதியும் வழக்கத்தையும் 2024இல் ஒழித்தது.

கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் எமக்குக் கேடயம் தந்துள்ளது. வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தை, அதன் பிரதி கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் எதுவும் கூறாமலே இரத்துச் செய்யலாம். விற்பனையாளரிடம் உரிய அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் அக்காலம் ஓர் ஆண்டு வரை நீளும். இரத்துச் செய்வதை எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்திருங்கள்.

பெற்றோர்களே, தயவுசெய்து இந்த ஒழுங்கை நினைவில் வையுங்கள். முதலாவதாக, வாசலில் எதிலும் கையெழுத்திடாதீர்கள், மின்கட்டணப் பட்டியலையும் காட்டாதீர்கள். இரண்டாவதாக, அன்றைய தினத்தில் எந்தத் திட்டம் திறந்திருக்கிறது, அதன் விதி என்ன என்பதை ஹைட்ரோ-கியூபெக்கிடமோ அரசிடமோ நேரடியாகக் கேட்டறியுங்கள். மூன்றாவதாக, கியூபெக் கட்டட ஆணையத்தின் உரிமம் பெற்ற மூவரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். நான்காவதாக, அவர்கள் கூறும் இயந்திரத்தின் மாதிரி எண் திட்டத்தின் பட்டியலில் உள்ளதா எனப் பாருங்கள். இவை நான்கும் முடிந்த பின்னரே கையெழுத்து.

இளைய தலைமுறையினரே, 1977இன் 101ஆம் இலக்கச் சட்டத்தினால் உங்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பாடசாலைகளில் கற்றீர்கள். உங்கள் பெற்றோர் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரவு பகலாக உழைத்ததால் அம்மொழியை முறையாகக் கற்க நேரமின்றிப் போனார்கள். அவர்கள் வாங்கிய வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிக்கும் திறன் உங்களிடமே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரு தேநீர் வேளையில் அக்கடிதங்களை அவர்களுடன் அமர்ந்து தமிழில் விளக்குங்கள். பிழையாக ஒன்றில் கையெழுத்திட்டிருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். பிள்ளைகள் ஏசுவார்கள் என்ற அச்சத்தினாலேயே அந்த 10 நாட்கள் பல வீடுகளில் வீணே கழிகின்றன.

பெற்றோர்களே, நீங்களும் வெட்கப்படாது அன்றே பிள்ளைகளிடம் கூறுங்கள். பிள்ளைகள் அருகில் இல்லாதவர்களுக்காக, ஒப்பந்தங்களை வாசித்து விளக்கும் பணியை எம் போன்ற தொண்டர்கள் செய்யக் காத்திருக்கிறோம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

குளிர்காலம் வருமுன் ஒவ்வொரு குடும்பமும் இதுபற்றி ஒருமுறை ஒன்றாக அமர்ந்து பேசவேண்டும் என வேண்டி விடைபெறுகிறேன்.