போகாத தேமல்

பிள்ளையின் கன்னம் கொஞ்சம் வெளுத்தால் நம் வீட்டில் முதல் தீர்ப்பு என்ன? "வயித்துல பூச்சி இருக்கு!" சிரிக்கிறீர்கள், ஆனால் நாளைக்கும் அதையேதான் சொல்வீர்கள். முகத்துத் தேமல் பெரும்பாலும் தானே மறைந்துவிடும், அதோடு எனக்குச் சண்டை இல்லை. என் பேச்சு போகாத திட்டைப் பற்றியது. இடுப்பிலும் பிட்டத்திலும் தொடையிலும், வெயில் படாத இடமாகப் பார்த்து, லேசான செதிலோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் திட்டு. அதற்குப் பின்னால் ஒரு நோய் ஒளிந்திருக்கலாம். ரத்தத்து வெள்ளணுக்களில் டி செல் என்று ஒன்று உண்டு; அது கெட்டுப்போய்த் தோலில் குடியேறுவதற்கு மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று பெயர். இதை 1806-லேயே பாரிஸில் அலிபெர் என்ற மருத்துவர் விவரித்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கே அதிகம் வரும் இந்தத் தோல் புற்றுநோய், அபூர்வமாகப் பிள்ளைகளுக்கும் வருகிறது. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது, நம் மாநிறத்தில் பல சமயம் வெளுப்பாகத் தெரியும். அதனால்தான் தேமல், வெண்புள்ளி, தொழுநோய் என்று ஆளுக்கொரு பெயர் சூட்டிக் காலத்தைக் கடத்துகிறோம்.

"தேமலுக்கெல்லாம் கத்தி வைப்பதா?" என்று கேட்கிறார்கள். எல்லாத் தேமலுக்கும் யார் வைக்கச் சொன்னது? மாதக்கணக்கில் மருந்து போட்டும் அசையாத திட்டில், உளுந்தளவு தோலை மரக்கவைத்து எடுக்கிறார்கள். அதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. மேல்தோலின் அடிவரிசையில் அந்தக் கெட்டுப்போன டி செல்கள் ஒளிவட்டம் கட்டினாற்போல் அணிவகுத்து நிற்பதை அவர்தான் கண்டுபிடிக்கிறார். தட்டுவதானால் அவருக்குத் தட்டுங்கள்! அவர் கண்ணைக் கட்டுவது யார்? ஏழே நாளில் திட்டைப் போக்குகிறேன் என்று டிவியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யும் வைத்தியச் சிகாமணிகள்! பெயர் சொல்ல மாட்டேன், உங்கள் கைதட்டலே சொல்லிவிட்டது. சீட்டில்லாமல் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் அப்படித்தான். தடவினால் திட்டு கொஞ்சம் அடங்கும், எடுத்த தோலிலும் அடையாளம் மங்கிவிடும். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாமல், மறுபடி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அவரோடு மல்லுக்கு நிற்கிறோம். இந்த நோயில் இரண்டாவது, மூன்றாவது சோதனை சகஜம் ஐயா!

"புற்றுநோய் என்று சொல்லித் தாய்மார்களைக் கலங்கடிக்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. கலங்குவார்கள்தான். ஆனால் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது தோலைத் தாண்டாத ஆரம்பக் கட்டத்திலேயே பிடிபடுகிறது. மெதுவாக நகரும் நோய். உடம்பெல்லாம் மருந்தேற்றி முடி கொட்டவைக்கும் சிகிச்சை அநேகமாக வேண்டியதில்லை. 311 நானோமீட்டர் புறஊதா விளக்குப் பெட்டிக்குள் வாரம் இரண்டு மூன்று தடவை, சில நிமிஷம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியோடு நிற்க வேண்டும். சில மாதங்களில் நிறம் திரும்புகிறது. விளக்கை நிறுத்தியபின் சிலருக்குத் திட்டும் திரும்புகிறது. ஆகையால் வருஷக்கணக்கில் டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு லீவு, பஸ் காசு, அப்பாவின் அரைநாள் கூலி எல்லாம் போகும். மேடைக்கு மேடை மருத்துவப் புரட்சி பேசுகிறவர்கள், விளக்குப் பெட்டி எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று முதலில் சொல்லட்டும்!